பிஸ்டலுக்கு ஒரு மரப்பிடி

பின்னேரங்களில் என் மனுசன் வேலையால் வந்ததும் சாப்பாட்டுப் பையை வாங்கிக் கழுவி வைப்பது என் வழக்கம். அந்த வெள்ளிக்கிழமை பையைத் தராமல் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வாசலில் நின்றார். சோற்றை மிச்சம் விட்டுவிட்டு என் பேச்சுக்குப் பயந்து ஒளிக்கிறார் என்று நினைத்துப் பறித்தேன். பாரமென்றால் அப்படியொரு பாரம். உள்ளே எண்ணெய்ப் பிசுக்கோடு ஒரு பழைய துவாய். குசினி மேசையில் வைத்து விரித்தேன். கறுத்த பிஸ்டல் ஒன்று.

நான் கத்தவில்லை. அப்படியே கதிரையில் இருந்துவிட்டேன். ஊரில் எத்தனையோ துவக்குகளைக் கண்டிருக்கிறேன். சந்தியில், ரோட்டில், கோயில் வாசலில், ஏன், எங்கள் வீட்டு அறைக்குள்ளேயே. எல்லாம் யாரோ ஒருத்தருடைய கையில் இருந்தவை. ஒருத்தருடைய கையிலும் இல்லாமல், உப்புப் போத்தலுக்குப் பக்கத்தில், சும்மா கிடந்த துவக்கை நான் அதற்கு முன் கண்டதில்லை.

"எங்கையிருந்து கொண்டந்தனீங்கள்?"

"ஃபோர்மன் தந்தவர். அவரின்ரை பிஸ்டல். பிடி வெடிச்சுப் போச்சாம். மரத்திலை ஒரு பிடி செய்து பூட்டித் தரட்டாம்."

"நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

"ஓம் எண்டனான்."

அந்த ஓம் எவ்வளவு பெரிய விசர் வேலை என்று விளங்குவதற்கு எங்கள் கேஸை நான் கொஞ்சம் சொல்லவேண்டும். தொண்ணூறுகளின் நடுப்பகுதி. ஒக்லண்டுக்கு வந்து, அகதியாக ஏற்றுக்கொள்ளுங்கள் என்று எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தோம். ஏவன்டேலில் ரயில் பாதை ஓரமாக ஒரு சின்ன வாடகை வீடு. ரயில் போகும்போது கோப்பைகள் எல்லாம் ஒன்றோடு ஒன்று கதைக்கும். மனுசனுக்கு ஈஸ்ட் டாமாக்கியில், அலுமாரிகளும் மாடிப்படிக் கைப்பிடிகளும் செய்கிற ஒரு பக்டரியில் வேலை. வருகிற புதன்கிழமை எங்களுக்கு விசாரணை. அதில் அவர்கள் எங்களை நம்பாவிட்டால் திருப்பி அனுப்புவார்கள். அங்கே திரும்பிப் போனால் என்ன நடக்கும் என்று நான் ஊகிக்கத் தேவையில்லை. ஒருமுறை நடந்ததுதான்.

மனுசன் ஊரில் கதவு, யன்னல், கட்டில் செய்தவர். ஒரு நாள் விடியப்புறம் ஆமி வந்து ஊரைச் சுற்றி வளைத்தது. ஆம்பிளைகளை எல்லாம் பள்ளிக்கூட மைதானத்தில் வெயிலுக்குள் இருத்தினார்கள். ஜீப்புக்குள்ளே சாக்கால் முகத்தை மூடிக்கொண்டு ஒருத்தன். தலையாட்டி என்று சொல்வோம். அவன் யாரைப் பார்த்துத் தலையை ஆட்டுகிறானோ அவனைக் கொண்டுபோய்விடுவார்கள். என் மனுசனைப் பார்த்து ஆட்டிவிட்டான். இயக்கத்துக்குத் துவக்குப்பிடி செய்து கொடுக்கிற ஆள் என்று. அவர் செய்யவில்லை. துவக்குப்பிடி என்ன, விளையாட்டுத் துவக்குக்கூட அவர் செய்தது கிடையாது. இல்லை இல்லை என்று சொல்லச் சொல்ல, இந்தக் கைதானே செய்தது என்று வலது கையை வைத்து அடித்தார்கள். மோதிர விரலும் சின்ன விரலும் அதற்குப் பிறகு மடங்குவதில்லை. எங்கள் கேஸ் முழுவதும் அவ்வளவுதான்: செய்யாத துவக்குப்பிடிக்காகக் கையை உடைத்தார்கள், திரும்பிப் போனால் மிச்சத்தையும் உடைப்பார்கள்.

அந்தக் கையோடு, அந்தக் கேஸ் விசாரணைக்கு ஒரு வாரம்கூட இல்லாத நேரத்தில், மனுசன் துவக்குப்பிடி செய்ய ஓம் சொல்லிவிட்டு வந்து நிற்கிறார். வேலியால் போன ஓணானைப் பிடித்து மடியில் கட்டின கதையைக் கேட்டிருக்கிறேன். சாப்பாட்டுப் பையில் போட்டுக்கொண்டு வந்ததை அன்றைக்குத்தான் கண்டேன்.

"ஊரிலை ஆரோ ஒருத்தன் தலையாட்டினான்," என்றேன். "இஞ்சை நீங்களே ஆட்டிப்போட்டு வந்து நிக்கிறியள்."

சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் நின்றார். எனக்குக் கொதி தலைக்கு ஏறிவிட்டது. வெள்ளைக்காரன் என்ன கேட்டாலும் ஓம், சனிக்கிழமை வேலைக்கு வருகிறாயா என்றாலும் ஓம், உன் பெயரைச் சுருக்கிக் கூப்பிடட்டா என்றாலும் ஓம், வாயைத் திறந்து இல்லை என்று ஒரு சொல் சொல்லத் தெரியாத பேடி என்று பேசினேன். பேடி என்ற சொல்லை அந்த மூன்று நாளில் எத்தனை தரம் சொல்லியிருப்பேனோ தெரியாது. ஏன் ஓம் சொன்னீங்கள் என்று கேட்ட ஒவ்வொரு தரமும் ஒரே மறுமொழிதான். "கேட்டவர். ஓம் எண்டனான்."

அப்போதே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வாருங்கள் என்றேன். ஃபோர்மன் சனி ஞாயிறு மீன் பிடிக்கப் போய்விடுவாராம், வீடும் எங்கே என்று தெரியாதாம். பொலிசில் ஒப்படைப்போம் என்று நானே சொன்னேன், சொன்ன வாய் மூடமுதல் நானே வேண்டாம் என்றேன். துவக்கைக் கையில் வைத்துக்கொண்டு பொலிஸ் ஸ்டேசனுக்குள் ஏறுகிற தமிழனுடைய மனுசியாக இருக்க எனக்கு விருப்பமில்லை. ஆற்றில் எறிந்துவிடுவோம் என்றதற்குத்தான் அவருக்கு முதல்முதலாக உசார் வந்தது.

"விசரே உனக்கு? அது அவர் ஆசையாய் வச்சிருக்கிற சாமான். கிளப்பிலை போட்டிக்கு அதாலைதான் சுடுறவர். வேறை பிஸ்டல் எடுத்தால் கை சொல் கேக்காதாம்."

ஆசையாக வைத்திருக்கிற சாமான். பூனைக்குட்டியைப் பற்றிக் கதைப்பதுபோலக் கதைக்கிறார். நான் வாயைப் பிளந்துகொண்டு இருந்தேன். மனுசருக்கு ஒரு துவக்கின் மேல் ஆசை வரும் என்பதும், அதைக் கொண்டு கடதாசியில் போட்ட வட்டத்துக்குச் சுட்டுவிட்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிடுவார்கள் என்பதும் எனக்கு நம்ப முடியாத புதினம். இந்த நாட்டில் பிஸ்டல் வைத்திருக்க லைசென்ஸ் வேண்டும், கிளப்பில் சேர்ந்திருக்க வேண்டும், இன்னொருத்தரிடம் இப்படிக் கொடுத்துவிடக் கூடவே கூடாது என்பதெல்லாம் பிறகுதான் எனக்குத் தெரியவந்தது. அப்போது தெரிந்திருந்தால் அன்றிரவே எனக்கு நெஞ்சடைத்திருக்கும்.

ஆகக்கடைசியில் வேறு வழி இல்லை என்றாயிற்று. பிடியைச் செய்து பூட்டித் திங்கட்கிழமை பையில் போட்டுக் கொண்டுபோய்க் கொடுப்பது. புதன்கிழமைக்குமுன் அது வீட்டைவிட்டுப் போய்விட வேண்டும்.

சனிக்கிழமை காலை குசினி மேசையில் பழைய பெட்சீற்றை விரித்து வேலையைத் தொடங்கினார். உள்ளுக்குள் குண்டு இல்லை என்று ஃபோர்மன் திறந்து காட்டித்தான் கொடுத்தாராம். நான் நம்பவில்லை.

"அதின்ரை வாயை என்ரை பக்கம் திருப்பாதேங்கோ. ரயில் பாதைப் பக்கம் திருப்புங்கோ."

"ரயிலுக்குள்ளை சனம் இருக்குமேயப்பா."

கடைசியில் பிரிட்ஜைப் பார்த்து வைத்தார். நான் பிரிட்ஜைத் திறக்க வேண்டிய நேரமெல்லாம் மேசையைச் சுற்றிக் குனிந்துகொண்டு போனேன்.

பிடி என்றால் ஒரே துண்டு என்றுதான் நான் நினைத்திருந்தேன். இரண்டு துண்டு. உள்ளங்கைப் பக்கம் ஒன்று, விரல் பக்கம் ஒன்று. நடுவில் இரும்பு. பக்கத்துக்கு ஒரு ஆணி, திருகிக் கழற்றலாம். வெடித்திருந்த பழைய பிளாஸ்டிக் பிடியைக் கழற்றி வைத்தார். பையின் அடியில் இன்னொரு சாமானும் இருந்தது. மரவெடிப்பு அடைக்கிற களியில் ஒரு உருண்டை. ஃபோர்மன் தன் கையின் அளவு தெரிய அதை அமத்திப் பிடித்துக் காயவிட்டிருக்கிறார். அவருடைய விரல் நாலும் அதில் பள்ளம் பள்ளமாகக் கிடந்தன. யாரோ முகம் தெரியாத வெள்ளைக்காரனுடைய பிடி என் குசினி மேசையில் கிடந்தது. அதைத் தொடவே எனக்கு அருவருப்பாக இருந்தது.

மரமும் ஃபோர்மன் கொடுத்ததுதான். ரிமு என்று இந்த ஊர் மரம், சிவப்பும் தேனும் கலந்த நிறம். மனுசன் அதை இரண்டாகக் கிழித்தார், தட்டையாக்கினார், பழைய துண்டை வைத்துப் பென்சிலால் கீறினார். நல்ல கைவேலைக்காரர். கதவு ஒன்றைப் பூட்டினால் காற்றுக்கூடக் கேட்டுத்தான் உள்ளே வரும். அன்றைக்கு மரம் அரிகிற வாளைப் பிடித்த அந்தக் கை பிஸ்டலில் முட்டும்போதெல்லாம் பட்டென்று பின்னுக்குப் போகும். நான் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன், அதையும் பெட்சீற்றில் ஊற்றினார்.

மத்தியானமளவில் இரண்டு துண்டும் வடிவாக வந்துவிட்டன. பூட்டிப் பார்த்தார். முதல் துண்டு சொல்லி வைத்தமாதிரிப் பொருந்தியது. இரண்டாவது பொருந்தவில்லை. திருப்பினார், கவிழ்த்தார், மறுபடி திருப்பினார். பிறகு இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். எட்டிப் பார்த்தேன். இரண்டும் வலப்பக்கத்துத் துண்டு. ஒரே பழைய துண்டை வைத்து இரண்டு தரமும் கீறியிருக்கிறார், இரண்டாம் தரம் அதைத் திருப்பி வைக்க மறந்துபோனார். சோடிக் கதவு எத்தனை செய்த மனுசன், இடம் வலம் தெரியாமல் நின்றதை அன்றைக்குத்தான் கண்டேன்.

சிரிப்பு வரவில்லை. மரம் முடிந்துவிட்டது என்பதுதான் எனக்கு விளங்கியது. திங்கட்கிழமைக்கு என்ன செய்வது என்று நான் வாயில் கையை வைத்துக்கொண்டு நிற்க, அவருடைய கண் குசினித் தட்டுக்குப் போனது. அங்கே என் மரக்கறி வெட்டுகிற பலகை. ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் பேரம் பேசி வாங்கினது. பழைய ரிமு.

"அதைத் தொட்டால் தெரியும்," என்றேன்.

தொட்டார். வேறென்ன செய்வது. ஒரு பக்கத்தால் ஒரு சாண் அரிந்து எடுத்தார். தலைக்குமேல் வெள்ளம் போன பிறகு பலகையைப் பற்றிக் கதைத்து என்ன காண்கிறது என்று நானும் விட்டுவிட்டேன்.

அவர் அரத்தால் ராவிக்கொண்டிருக்கும்போது கதவு தட்டும் சத்தம் கேட்டது. இரண்டு பேரும் உறைந்துபோனோம். தட்டுகிறது பொலிஸ் என்றுதான் என் மனசு முதலில் சொன்னது. பிறகுதான் வெளியிலே தமிழ்ச் சத்தம் காதில் விழுந்தது. பாபடோயிட்டோயில் இருக்கிற எங்களுக்குத் தெரிந்த அக்கா, விசாரணைக்கு முன்னம் எங்களை ஒருக்கால் பார்த்துவிட்டுப் போக வந்திருக்கிறார். சொல்லாமல் கொள்ளாமல் வருவதுதானே எங்கள் சனத்தின் பழக்கம். வந்தால் வெளி விறாந்தையில் நிற்கிற பழக்கமும் கிடையாது. நேரே குசினிக்குள் வந்து, என்ன சமையல் என்று கேட்டு, சட்டியைத் திறந்து பார்த்தால்தான் வந்ததற்கு அடையாளம்.

கைக்கு அகப்பட்டது பெரிய சோற்றுப் பானை. அதைக் கவிழ்த்து பிஸ்டலின் மேல் வைத்தேன். மனுசன் மரத்துண்டைக் காற்சட்டைப் பைக்குள் போட்டார். அக்கா உள்ளே வந்து கதிரையை இழுத்துப்போட்டுப் பானைக்கு நேரே இருந்தார். கொண்டுவந்த பயற்றம் பணியாரப் பெட்டியைப் பானையின் மேலேயே வைத்தார்.

"என்னடி, குசினி முழுக்க மரத்தூள்?"

"சாமிப்படம் வைக்கத் தட்டு ஒண்டு செய்யிறாரக்கா," என்று வாயில் வந்ததைச் சொன்னேன்.

"நல்ல காரியம். புதன்கிழமைக்கு முன்னம் சாமியை ஏத்திப் போடுங்கோ." பிறகு பானையைப் பார்த்தார். "இதேன் கவிட்டு வச்சிருக்கு? கழுவ வேணுமே? எடு, நான் கழுவித் தாறன்."

கை பானையின் விளிம்பில். அக்கா நல்லவர், ஆனால் அவருடைய வாய்க்குப் பூட்டுக் கிடையாது. இரவுக்குள் கதை ஒக்லண்டில் உள்ள தமிழ் வீடெல்லாம் போய்விடும், புதன்கிழமைக்குள் எங்களை விசாரிக்கிற ஒபிசுக்கும் போய்விடும். நான் பாய்ந்து பானையை இரண்டு கையாலும் அமத்தினேன்.

"அதுக்குள்ளை எலி, அக்கா."

அக்கா எழும்பின வேகத்தில் கதிரை விழுந்தது. அதற்குப் பிறகு அவர் குசினிக்குள் காலே வைக்கவில்லை. தேத்தண்ணியை முன் அறையில் நின்றபடி குடித்துவிட்டு, எலிக்கு என்ன மருந்து நல்லது என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் போன பிறகு நானும் மனுசனும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்கவில்லை. பார்த்தால் அழுவோமோ சிரிப்போமோ என்று தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை சாண்ட் பேப்பர் போட்டு, எண்ணெய் பூசி, துடைத்துப் பூட்டினார். நிறம் கொஞ்சம் வித்தியாசம், ஒரு பக்கம் ஃபோர்மனுடைய மரம், மறுபக்கம் என் பலகை. அப்போதுதான் மனுசன் என்னிடம் அதைக் கேட்டார்.

"நீ ஒருக்கால் பிடிச்சுப் பார்."

"என்னது?"

"விளிம்பு எங்கையும் கையை வெட்டுதோ எண்டு பாக்கவேணும். எனக்கு விரல் ரெண்டும் மடங்காதே. முழுக்கையாலும் பிடிச்சால்தான் தெரியும்."

மாட்டேன் என்றேன். செத்தாலும் மாட்டேன் என்றேன். அவர் என்னை வற்புறுத்தவில்லை. பிடியைத் தன் மூன்று விரலால் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டு இருந்தார். அதைப் பார்க்க எனக்கு இன்னும் அந்தரமாக இருந்தது. கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டினேன்.

என்னுடைய கைக்கு அது பெரிது. ஆனாலும் மரம் உள்ளங்கையில் வந்து இருந்த விதம், விரல்கள் தாமாகவே தங்கள் தங்கள் பள்ளத்தைத் தேடிப்போன விதம், அந்த வழுவழுப்பு, இளஞ்சூடு. நன்றாக இருந்தது. அதுதான் என்னைத் தூக்கிவாரிப்போட்டது. ஊரில், எங்கள் வீட்டு அறைக்குள், என் மனுசனை எனக்கு முன்னால் முழங்காலில் இருத்தி வைத்து, ஒருத்தன் அவருடைய நெற்றியில் வைத்த சாமானும் இப்படி ஒன்றுதானே. அவனுடைய கைக்கும் இப்படித்தான் சுகமாக இருந்திருக்குமா? நான் அதை மேசையில் போட்டுவிட்டுப் போய்க் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவினேன். கழுவிக்கொண்டே இருந்தேன்.

"வெட்டுதே?" என்று மனுசன் பின்னால் நின்று கேட்டார்.

"இல்லை," என்றேன்.

திங்கட்கிழமை அது போனது. பின்னேரம் வெறும் பையோடு வந்தார். ஃபோர்மன் பிடித்துப் பார்த்துவிட்டுத் தோளில் தட்டினாராம். எனக்கு அந்தக் கதையே வேண்டாம் என்றேன். இனி அப்படி ஒன்று நடக்கவே இல்லை, அதைப்பற்றி ஒரு சொல் வெளியே வரக்கூடாது, யார் கேட்டாலும் நீங்கள் வாழ்நாளில் துவக்குப்பிடி செய்யாத ஆள், விளங்கிச்சோ என்றேன். ஓம் என்றார்.

புதன்கிழமை எங்களைத் தனித்தனியாக விசாரித்தார்கள். முதலில் மனுசன். நான் வெளியே வாங்குப் பலகையில் இருந்து கையைப் பிசைந்துகொண்டிருந்தேன். அவர் வெளியே வரும்போது முகத்தில் ரத்தம் இல்லை. என்னைத் தாண்டிப் போகும்போது, "இல்லை எண்டனான்" என்று மெல்லச் சொன்னார்.

உள்ளே என் வயதளவில் ஒரு வெள்ளைக்கார அம்மா. அவர்தான் முடிவு எடுக்கிறவர். ஒரு பக்கம் எங்கள் லோயர், அவரும் பெண். மற்றப் பக்கம் மொழிபெயர்க்க ஒரு தமிழ்நாட்டுக்காரர். எல்லாம் மரியாதையாகத்தான் போனது. சுற்றிவளைப்பு, தலையாட்டி, ஜீப், கை எல்லாம் கேட்டார்கள், சொன்னேன். தண்ணி வேண்டுமா என்று இரண்டு தரம் கேட்டார்கள். பிறகு அந்த அம்மா பேனையை உருட்டிக்கொண்டு ஒன்று கேட்டார். மொழிபெயர்க்கிறவர் என்னைப் பார்த்துச் சொன்னார்:

"உங்க வீட்டுக்காரர் ரொம்ப நல்லா மரவேலை பண்றவர். துப்பாக்கிக்குப் பிடி செய்யறது அவருக்கு ஒண்ணும் பெரிய வேலை இல்லையே. உங்களுக்குத் தெரியாம செஞ்சு குடுத்திருக்கலாம், இல்லையா? அப்படி இல்லைன்னு நீங்க எப்படி உறுதியா சொல்றீங்க?"

அவர் கேட்டதில் ஒரு பிழையும் இல்லை. அது அவருடைய வேலை. ஆனால் அதே கேள்வியைத்தான் அந்த ஆமிக்காரனும் கேட்டான். நல்ல கைவேலைக்காரன், ஆகவே செய்திருப்பாய். எனக்குள் வெள்ளிக்கிழமை தொடக்கம் கொதித்துக்கொண்டிருந்தது எல்லாம் பொங்கிவிட்டது.

"அவருக்குத் துவக்குப்பிடி செய்யத் தெரியாது," என்றேன். "தெரிஞ்சிருந்தால் என்ரை மரக்கறிப் பலகை தப்பியிருக்கும்."

மொழிபெயர்க்கிறவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். அப்போதாவது நிறுத்தியிருக்கலாம். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள், நான் நிறுத்தவில்லை. சாப்பாட்டுப் பையில் தொடங்கி அவ்வளவையும் கொட்டினேன். பிடிக்கு இரண்டு பக்கம் இருக்கிறது என்று எனக்கே இப்போது தெரியும், அது தெரியாமல் இரண்டு வலப்பக்கம் செய்தார், இயக்கத்துக்குத் துவக்குப்பிடி செய்த ஆள் என்றால் அந்தப் பிழை வருமா, இரும்பில் விரல் முட்டினாலே பின்னுக்குத் துள்ளுகிற ஆளா இயக்கப் பெடியளுக்குச் செய்து கொடுத்தார் என்று கேட்டேன். என்னுடைய இரண்டு கையையும் துண்டுகள் மாதிரி வைத்து இடமும் வலமும் காட்டினேன். நான் பேசி, அவர் மொழிபெயர்த்து முடித்த பிறகுதான் மற்றவர்களுடைய முகத்தைப் பார்த்தேன். எங்கள் லோயர் ஏற்கெனவே வெள்ளைக்காரி, இன்னும் வெளுத்துப்போயிருந்தார்.

அந்த அம்மா பேனையைக் கீழே வைத்தார். "உங்கள் கணவர், தன் வாழ்நாளில் ஒருபோதும் செய்ததில்லை என்று சற்றுமுன் எனக்குச் சொன்னார்," என்றார்.

அப்போதுதான் நான் செய்த வேலை எனக்கு உறைத்தது. ஃபோர்மனுக்கும் ஆபத்து, எங்களுக்கும் ஆபத்து. அவர் இல்லை என்றார், நான் ஓம் என்கிறேன். இரண்டு பேர் இரண்டு கதை சொன்னால் இரண்டையும் நம்பமாட்டார்கள் என்று லோயர் எத்தனை தரம் படித்துப் படித்துச் சொன்னார். எங்கள் கேஸை என்னுடைய வாயாலேயே தின்று முடித்துவிட்டேன் என்று இருந்தது. காதுக்குள்ளே ஒரே இரைச்சல். பிளேன் ஏற்றி அனுப்புகிறார்கள் என்றே நினைத்துக்கொண்டேன்.

மனுசனைத் திருப்பிக் கூப்பிட்டார்கள். என்னையும் வெளியே போகச் சொல்லவில்லை. அவர் வந்து என் பக்கத்துக் கதிரையில் இருந்தார். என்னுடைய முகத்தைப் பார்த்ததும் அவருக்கு எல்லாம் விளங்கியிருக்க வேண்டும். பிஸ்டல் யாருடையது, பெயர் என்ன என்றெல்லாம் அந்த அம்மா கேட்கவில்லை. அது தன் வேலை இல்லை என்றார். ஏன் இல்லை என்று சொன்னீர்கள் என்று மட்டும் கேட்டார்.

"பயம்," என்றார் மனுசன்.

அதை அந்த அம்மா எழுதிக்கொண்டார். நாங்கள் இங்கே இருக்கலாம் என்று பிறகு, கொஞ்சக் காலம் போய், முடிவு வந்தது. அன்றைக்கு எங்களுக்கு அது தெரியாது. அன்றைக்கு அந்த அம்மா எழுதுவதை நிறுத்திவிட்டு, மேசையில் இருந்த மனுசனுடைய வலது கையைக் கன நேரம் பார்த்தார். பிறகு மெல்லக் கேட்டார். உங்களுடைய கையை உடைத்தது இந்த வேலையைச் செய்ததாகச் சொல்லித்தானே. அப்படியிருக்க, இதைச் செய்து தருகிறேன் என்று ஏன் ஒப்புக்கொண்டீர்கள்?

நான் மூன்று நாள் கேட்ட கேள்விதான். கேட்டவர், ஓம் எண்டனான் என்று சொல்லப்போகிறார் என்று இருந்தேன். அவரும் அப்படித்தான் தொடங்கினார்.

"கேட்டவர்," என்றார். பிறகு நிறுத்தினார். மொழிபெயர்க்கிறவர் மிச்சத்துக்குக் காத்துக்கொண்டு இருந்தார்.

"பிஸ்டலைக் கையிலை வச்சுக்கொண்டுதான் கேட்டவர். கேட்டுப்போட்டு, விருப்பமில்லாட்டி மாட்டன் எண்டு சொல்லு, நோ வொரிஸ், பரவாயில்லை எண்டவர். துவக்கோடை நிண்ட ஒருத்தர் என்னட்டை அப்பிடிச் சொன்னதே கிடையாது. அதாலை ஓம் எண்டனான்."

அதை இங்கிலிசில் சொல்லி முடிக்க முதலே நான் அழத் தொடங்கிவிட்டேன்.